இரண்டடி உப்புநீர்த் தொட்டிக்கு லைட்: கடைக்கு ஒரு கதை சொல்கிறார்கள், எதை நம்புவது?

நாலாம்மாடி

வணக்கம். இத்தனை நாள் சும்மா வந்து படித்துவிட்டுப் போகிற ஆள் நான், இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறேன். சிங்கப்பூர் யீஷூனில் நாலறை வீடு, வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி, 60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர், கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத்தொட்டி) இருக்கிறது, ஓட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு துறவி நண்டு, பவளம் என்று பார்த்தால் ஸோவா மூன்று கொத்து, மஷ்ரூம் நாலைந்து, ஒரு ஹாமர்.

லைட் தொட்டியோடு இலவசமாக வந்தது. அதில் நீலமும் வெள்ளையும் எரியும், அவ்வளவுதான், வேறு எதுவும் அதைப் பற்றி எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக ஸோவா எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டே போகிறது, தாழ்வாரத்தில் வெயில் தேடும் கறிவேப்பிலைக் கன்று மாதிரி. மஷ்ரூம் நன்றாக இருக்கிறது. ஹாமர் விரிகிறது, ஆனால் வாங்கும்போது இருந்த பச்சை இல்லை, பழுப்படித்துவிட்டது.

போன சனிக்கிழமை மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் 165 வாட் கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டி இது போதும், 150 வெள்ளி என்றார்கள். இரண்டாவது கடையில் 700 வெள்ளிக்குக் குறைந்த லைட்டைப் பவளத்துக்குப் போடுவதே பாவம் என்கிற மாதிரிப் பேசினார்கள். மூன்றாவதில் ஓர் அங்கிள், எல்இடி எல்லாம் ஏமாற்று, டி5 குழாய் விளக்குதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். என் கையில் இருப்பது 400 வெள்ளி. ஒரு வருடம் கழித்து அக்ரோபோரா (கிளைவிடும் கல்பவளம்) வைக்கவேண்டும் என்று ஆசையும் இருக்கிறது.

எத்தனை வாட் வேண்டும், எந்த நிறம், எத்தனை மணி நேரம் எரியவேண்டும், எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? இன்னொன்று, தொட்டிக்குப் பக்கத்தில் மேற்கு பார்த்த ஜன்னல், மாலை நாலு மணிக்கு மேல் வெயில் விழும், அதைத் திரை போட்டு மறைக்கவா வேண்டாமா? வீட்டில் ஏற்கெனவே, கூடம் முழுக்க ஊதாவாக இருக்கிறது, எதிர்வீட்டு ஆண்ட்டி இது என்ன கரோக்கே கடையா என்று கேட்கிறார் என மனைவி புகார். அதையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

உப்புக்கை

தம்பி, மூன்று கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேருமே உங்களிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எந்தப் பவளத்தை, தொட்டியில் எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்? அது தெரியாமல் லைட் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

வாட் கணக்கை விட்டுவிடுங்கள். வாட் என்பது அந்த லைட் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்றுதான் சொல்லும், எவ்வளவு ஒளி தண்ணீருக்குள் இறங்குகிறது என்று சொல்லாது. 165 வாட் என்று அட்டையில் போட்ட பெட்டி பல சமயம் சுவரில் 100, 120 வாட்தான் இழுக்கும், அதுவும் லென்ஸ் எப்படி, வெளிச்சம் தொட்டிக்குள் விழுகிறதா கூடத்தில் விழுகிறதா என்பதைப் பொறுத்து மாறும். நாம் பார்க்கவேண்டியது ‘பார்’ (PAR) என்ற அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு. நம்ம ஊர் நண்பகல் வெயிலில் வெட்டவெளியில் மீட்டரை நீட்டினால் 2000 கிட்டக் காட்டும். அதைக் கேட்டு மிரளாதீர்கள், இப்போது உங்கள் தொட்டியில் இருக்கும் பவளத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

மஷ்ரூம், லெதர் மாதிரி மென்பவளத்துக்கு 50 முதல் 100 வரை இருந்தால் போதும். ஸோவாவும் அதிலேயே இருக்கும், கொஞ்சம் மேலே போனாலும் தாங்கும். ஹாமர், டார்ச் மாதிரிச் சதை பெருத்த கல்பவளம் 80 முதல் 150க்குள் சுகமாக இருக்கும். நீங்கள் ஆசைப்படும் அக்ரோபோராதான் 200க்கு மேல் கேட்கும், 300, 350 வரைக்கும் கொடுக்கலாம். இதெல்லாம் வேதவாக்கு இல்லை, 180இல் வளர்கிற அக்ரோவும் நான் பார்த்திருக்கிறேன், ஆனால் தொடங்குவதற்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

ஏன் ஒளி என்று ஒரு வார்த்தை. பவளத்தின் சதைக்குள் ஸோசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் சமைக்கிறது, பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் லைட் போடுவது பவளத்துக்கு இல்லை, அதன் வீட்டில் குடியிருக்கும் சமையல்காரருக்கு. ஒளி பற்றவில்லை என்றால் பவளம் என்ன செய்யும்? சமையல்காரரை அதிகமாக்கும், அவர்களுக்குள் இருக்கும் நிறமியும் கூடும். அதனால்தான் உங்கள் ஹாமர் பழுப்படித்தது, ஸோவா தண்டை நீட்டியது. இரண்டும் ஒரே பேச்சைத்தான் பேசுகின்றன, வெளிச்சம் குறைவு. மஷ்ரூம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் பொருந்தித்தான் வருகிறது.

இப்போது நிறம். அந்தப் பாசி அதிகம் விழுங்குவது 400 முதல் 500க்குள் உள்ள ஊதா, நீலம். சிவப்பிலும் ஒரு மேடு உண்டு, ஆனால் தெளிந்த கடலில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே தண்ணீரில் கரைந்துபோய்விடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால் நீலம் தூக்கலாக இருந்தால் பவளத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. வெள்ளையும் கொஞ்சம் சேர்ப்பது பெரும்பாலும் நம் கண்ணுக்காகத்தான், பவளம் அதற்காக அழாது. 14000 கெல்வின், 20000 கெல்வின் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம், அது மெட்டல் ஹேலைட் என்ற பழைய வகை விளக்குக் காலத்துக் கணக்கு, பல நிற எல்இடி கலந்த விளக்குக்கு அந்த ஒற்றை எண் அதிகம் ஒன்றும் சொல்லாது.

ஆக 400 வெள்ளிக்குள் என் யோசனை: 60 சென்டிமீட்டர் பரப்பை மூடக்கூடிய, நிறங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய எல்இடி ஒன்று, பயன்படுத்தியதாக இருந்தாலும் பரவாயில்லை. கெசில் ஏ360 வகையோ ஏஐ ஹைட்ரா 32 வகையோ பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் அடிக்கடி வரும். தண்ணீர் மட்டத்தில் இருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுங்கள், முதலில் பாதிக்கும் குறைவான பலத்தில் ஓட்டுங்கள். மீதியை மீட்டர் சொல்லும்.

பழைய குழாய்

எல்இடி ஏமாற்று என்று சொன்ன அங்கிள் நான் இல்லை, ஆனால் அவர் பக்கம் நான் கொஞ்சம் பேசவேண்டும்.

ஒற்றை எல்இடியை நடுவில் தொங்கவிட்டால் கல்லின் நெற்றியில் 250, அதே கல்லின் தாடைக்கு அடியில் 15. பவளக் கொத்தின் மேல்பக்கம் பளபளக்கும், கீழ்ப்பக்கம் செத்துக்கொண்டே வரும், ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். டி5இல் நாலு குழாய் தொட்டியின் முழு நீளத்துக்கும் படுத்திருக்கிறது, ஒளி எல்லாப் பக்கத்தில் இருந்தும் வருகிறது, நிழல் மெல்லியதாகத்தான் இருக்கும். அக்ரோ வளர்ப்பவர்களில் பலர் இன்றும் நடுவில் எல்இடி, இருபுறமும் டி5 என்று வைத்திருப்பது பழக்கதோஷத்தால் இல்லை.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். குழாயை 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், எரியும்தான், ஆனால் பலம் இறங்கியிருக்கும். இப்போதெல்லாம் நல்ல குழாய் கிடைப்பதே பாடாக இருக்கிறது. உங்கள் தொட்டிக்கு 24 வாட் குழாய் நாலு, மொத்தம் 96 வாட், தொட்டிக்கு மேலேயே அடுப்பு மாதிரிச் சூடு. வீட்டில் சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இருந்தால் யோசியுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். எல்இடிதான் வாங்குவீர்கள் என்றால் ஒன்று பெரிதாக வாங்குவதை விடச் சிறியதாக இரண்டு வாங்கி ஓரடி இடைவெளியில் மாட்டுங்கள், நிழல் பாதியாகும்.

நாலாம்மாடி

நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். சில்லர் இல்லை, மேலே ஒரு சின்ன விசிறி ஓடுகிறது, பகலில் 28.5 காட்டும், மார்ச்சில் ஒருநாள் 30 தொட்டது.

ஒரு சந்தேகம். பார் மீட்டர் விலை பார்த்தேன், தலை சுற்றிவிட்டது, லைட்டை விட மீட்டர் விலை அதிகம். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்று இலவசமாக இருக்கிறது, அது போதாதா? அதில் அளந்து பார்த்தேன், இப்போதுள்ள லைட்டில் வெள்ளை போட்டால் 9000, நீலம் மட்டும் போட்டால் 700தான் வருகிறது. அப்படியென்றால் நீலம் வேஸ்ட் என்று அர்த்தமா?

உப்புக்கை

அதுதான் லக்ஸின் கோளாறு. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்ற அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை. 450இல் இருக்கும் நீலத்துக்கு லக்ஸ் கணக்கில் கிடைக்கும் மதிப்பு அந்தப் பச்சைக்குக் கிடைப்பதில் நூற்றில் நாலு பங்குகூட இல்லை. பவளத்துக்கு விருந்து, மீட்டருக்கு இருட்டு. ஒரே லைட், ஒரே நிற அமைப்பு, இன்று அளந்ததையும் அடுத்த மாதம் அளந்ததையும் ஒப்பிட்டுக் கண்ணாடியில் உப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால் செயலி உதவும். வேறு எதற்கும் நம்பாதீர்கள்.

மீட்டரை யாரும் வாங்கச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்திலேயே கேளுங்கள், ஒரு வாரத்துக்கு இரவல் தர ஆள் இருப்பார்கள், சில கடைகள் வாடகைக்கும் தருகின்றன. இரவல் வாங்கும்போது எந்த மாடல் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அபோஜி நிறுவனத்து மீட்டர்களில் எம்க்யூ-510 என்றால் நல்லது, தண்ணீருக்குள் அளப்பதற்கான திருத்தம் அதிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய மாடல்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும், கணக்குப் போட்டுத் திருத்தவேண்டி வரும்.

காசுக்கணக்கு

யாரும் மின்கட்டணம் பற்றிப் பேசவில்லையே என்று வந்தேன். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வையுங்கள்.

90 வாட் எல்இடியை முழுப் பலத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் எரித்தால் மாதம் 27 யூனிட், 8 வெள்ளி சொச்சம். நீங்கள் முழுப் பலத்தில் எரிக்கவே போவதில்லை, பாதி என்று வைத்தால் 4 வெள்ளி, இரண்டு கோப்பி காசு. என் பழைய 250 வாட் மெட்டல் ஹேலைட் எட்டு மணி நேரத்துக்கு மாதம் 60 யூனிட், 18 வெள்ளி, அது போக அதன் சூட்டை இறக்கச் சில்லர் தனியாக ஓடியது. என் சில்லர் 150 வாட், நாளில் பாதி நேரம் ஓடுகிறது, மாதம் 54 யூனிட், 16 வெள்ளி. ஆக இந்த ஊரில் வெளிச்சம் மலிவு, குளிர்ச்சிதான் விலை. லைட்டுக்கு 700 வெள்ளி கொடுக்கச் சொல்கிற கடையில், மீதி வைத்துச் சில்லர் வாங்கலாமா என்று கேளுங்கள்.

கரோசெலில் பழைய எல்இடி வாங்கப் போனால் மூன்று விஷயம் கவனியுங்கள். விசிறி கரகரவென்று சத்தம் போடுகிறதா, ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் போட்டுப் பார்த்து எந்த எல்இடியாவது அணைந்திருக்கிறதா, பவர் அடாப்டரின் முனையில் பச்சைத் துரு இருக்கிறதா. உப்புக்காற்று முதலில் தின்பது அந்த முனையைத்தான். விற்பவரின் கைப்பேசிக் கணக்கில் இருந்து லைட்டை விடுவித்து வாங்குங்கள், நான் இதை மறந்துவிட்டு வந்து, முன்பின் தெரியாத ஒரு மனிதர் உட்லண்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் என் வீட்டு லைட்டை அணைத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

மின்கம்பி தொட்டியில் இருந்து கீழே தொங்கி, வளைந்து, அப்புறம் மேலேறிச் சுவருக்குப் போகவேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் உப்புத்தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும். இது லைட் தேர்வு இல்லைதான், ஆனாலும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

தீவுக்கரை

நான் தொட்டி வைத்திருப்பது குறைவு, தண்ணீர் வற்றும் நாட்களில் தெற்குத் தீவுப் பக்கம் போய்ப் பவளம் பார்ப்பதுதான் அதிகம். அதனால் வேறு பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

அக்ரோபோரா என்றதும் எல்லோரும் மாலத்தீவுப் படத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு லைட் வாங்குகிறோம். நம் ஊர்க் கடலைப் பாருங்கள். அறுபதுகளில் இருந்து கடலைத் தூர்த்து நிலம் எடுத்ததில் தண்ணீரில் சேறு கலந்தே கிடக்கிறது, பல நாள் முக்குளித்தால் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இங்கே பவளத்திட்டு எட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, அதற்குக் கீழே வெளிச்சம் இல்லை. அதோடு தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலத்தில் இருந்து பால் இல்லாத தேநீர் மாதிரிக் கரைந்து வரும் தண்ணீர் இந்த நீரிணைக்குள் வந்துவிடும். அது விழுங்குவது குறிப்பாக நீலத்தைத்தான். இத்தனையையும் தாங்கிக்கொண்டு இங்கே சுமார் 250 வகைக் கல்பவளம் இருக்கிறது. தடித்த, இலை மாதிரி விரிந்த, சதைப்பற்றான வகைகள்தான் நம்ம பக்கம் செழிப்பு. வெளிச்சம் குறைவு என்றால் பவளம் செத்துவிடாது, அதற்கேற்ற பவளம் அங்கே குடிவரும். உங்கள் தொட்டியிலும் அதே நியாயம்தான். லைட்டை அக்ரோவுக்காக ஏற்றுவதை விட, இருக்கிற லைட்டுக்கு ஏற்ற பவளம் எது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, 30 டிகிரி தொட்டது என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. வெப்பமும் ஒளியும் சேர்ந்தால்தான் ஆபத்து. தண்ணீர் சூடாகும்போது அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறுகிறது. அந்த நேரத்தில் வெளிச்சமும் பலமாக விழுந்தால் கெடுதலான ஆக்சிஜன் உள்ளே பெருகி, கடைசியில் பவளம் பாசியையே வெளியேற்றிவிடும். வெளிறிப்போவது அதுதான். 1998, 2010, 2016, 2024 என்று நான்கு முறை நம் தீவுகளில் பெரிய அளவில் நடந்தது. 2024இல் நான் நேரில் பார்த்தேன், முழங்கால் தண்ணீரில் திட்டுத் திட்டாக வெள்ளை. மேகமூட்டமான வாரங்கள் வந்தால் கடலுக்கு ஓர் ஆறுதல், உங்கள் தொட்டிக்கு மேகம் நீங்கள்தான். சூடேறும் நாட்களில் லைட்டை இருபது, முப்பது சதவீதம் இறக்கிவிடுங்கள்.

ஜன்னலுக்குத் திரை போடுங்கள். மாலை வெயில் பவளத்துக்கு நல்லதா என்றால் நல்லதுதான், ஆனால் தண்ணீரைச் சூடாக்கும், ஒரு பக்கக் கண்ணாடியில் மட்டும் பாசி அடையும், அதைவிட முக்கியம், மழை நாளும் வெயில் நாளும் மாறி மாறி வந்தால் நீங்கள் மீட்டர் வைத்து அளந்த கணக்கே குழம்பிப்போகும்.

கேட்காத ஒன்று. தீவுப் பக்கம் போய் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு வரலாமா என்று யாரோ ஒருவர் முன்பு இங்கே கேட்டிருந்தார். கூடாது. சிஸ்டர்ஸ் தீவுப் பக்கம் 2014இல் இருந்து கடல் பூங்கா. கல்பவளம் முழுவதும் சைட்டிஸ் என்ற உலக உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, இறக்குமதிக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். கடையில் வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டு என்றால் இன்னும் நல்லது, அது ஏற்கெனவே எல்இடிக்குப் பழகியும் இருக்கும்.

நாலாம்மாடி

அக்கா, அந்தத் துண்டு கேள்வி நான் கேட்டது இல்லை, சத்தியமாக! திரை இன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி மிச்சம். எத்தனை மணி நேரம்? அப்புறம், கடையில் பார்த்தபோது அந்த ஹாமர் பச்சை நெருப்பு மாதிரி எரிந்தது, என் வீட்டுக்கு வந்த முதல் நாளே அவ்வளவு இல்லை. ஏமாந்துவிட்டேனா?

உப்புக்கை

ஏமாற்று என்று சொல்லமாட்டேன், கடை வெளிச்சம். பவளத்தின் சதையில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தரும். கடையில் வெறும் நீலம் மட்டும் போட்டு வைத்திருப்பார்கள், அந்த இருட்டில் ஒளிர்வது மட்டும்தான் கண்ணில் படும். (சின்ன விஷயமில்லை இது. சொறிமுட்டையில் கண்டுபிடித்த பச்சை ஒளிர்புரதத்துக்கு 2008இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள், ஆய்வகங்களில் இன்று ஓடும் சிவப்புப் புரதம் ஒன்று 1999இல் கிடைத்தது டிஸ்கோசோமாவில், அதாவது உங்கள் தொட்டியில் நாலைந்து இருக்கிறதே, அந்த மஷ்ரூம் சாதியில்.) அடுத்த முறை வாங்கும் முன்னால், அண்ணே வெள்ளை லைட்டைக் கொஞ்சம் போடுங்கள் என்று கேளுங்கள். போட மறுத்தால் வேறு கடை.

மணி நேரம்: எட்டு முதல் பத்து. காலை ஏழுக்குச் சூரியன் வருகிறது என்பதற்காகத் தொட்டியிலும் ஏழுக்கு விடியவேண்டியது இல்லை. நீங்கள் வேலைக்குப் போகிற ஆள், பகல் 12க்கு ஆரம்பித்து ஒரு மணி நேரம் மெல்ல ஏற்றி, இரவு 10க்கு இறக்கிவிடுங்கள், சாப்பிடும்போது பார்க்கலாம். பலம் குறைவு என்பதற்காக நேரத்தை 14 மணி நேரம் இழுக்காதீர்கள், பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. என் முதல் தொட்டியில் பவளம் செத்தது வெளிச்சம் பற்றாமல் இல்லை, கூடிப்போய். புது லைட் வந்த மகிழ்ச்சியில், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே 80 சதவீதத்தில் போட்டேன். மூன்றாம் நாள் ஹாமர் சுருங்கியது, பசி போல என்று நினைத்துத் தீனி போட்டேன். பத்தாம் நாள் மாண்டிபோரா என்ற கல்பவளம் வெள்ளைத் தட்டு. இரண்டாம் வாரம் எலும்புதான் மிச்சம், நான் அப்போதும் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன், தலைக்கு மேலே பார்க்கவே இல்லை. மாதக்கணக்கில் இருட்டில் இருந்து பழகிய பவளம் உங்களுடையது, சதை முழுக்கப் பாசி அடைத்து வைத்திருக்கிறது. அதன் மேல் திடீரென்று வெயில் அடித்தால் தாங்காது. இருட்டில் நிற்பது மெதுவாகத்தான் கொல்லும், திருத்த நேரம் இருக்கும். கூடிப்போனால் அந்த நேரமே கிடைக்காது. ஆகவே இப்போதுள்ள அளவுக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஏற்றுங்கள். ஏற்றிய வாரம் பவளம் முகம் சுளித்தால் ஒரு படி இறங்குங்கள்.

அப்புறம் வெளிச்சம் கூடினால் பவளம் எலும்பு வேகமாகக் கட்டும், கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) இறங்க ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை அளந்தவர் இரண்டு முறை அளக்கவேண்டும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாக வைத்துக்கொண்டு லைட்டை மட்டும் ஏற்றினாலும் பவளம் வெளிறும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் லைட் ஒன்றையே நோண்டிக்கொண்டு இருப்பதுதான் நம் ஆட்களின் வியாதி, என்னையும் சேர்த்து.

பழைய குழாய்

அவர் சொன்ன அந்தப் பத்தாம் நாள் வெள்ளைத் தட்டு என் வீட்டிலும் நடந்தது. நான் டி5க்கு வந்ததே அதற்கு அப்புறம்தான்.

நாலாம்மாடி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

90 வாட் எல்இடி ஒன்று பயன்படுத்தியது, 260 வெள்ளிக்குக் கிடைத்தது. இரண்டு சின்னது வாங்கத்தான் நினைத்தேன், காசு இடம் கொடுக்கவில்லை. விற்றவரின் கணக்கில் இருந்து அவர் முன்னாலேயே விடுவித்து வாங்கினேன், விசிறி கொஞ்சம் முனகியது, திறந்து உப்பைத் துடைத்ததும் அடங்கிவிட்டது. பாசிர் ரிஸ்ஸில் ஒரு நல்ல மனிதர் எம்க்யூ-510 இரவல் கொடுத்தார், திருப்பிக் கொடுக்கும்போது பணம் வாங்க மறுத்துவிட்டார், ஸோவா ஒரு கொத்து கொடுத்தேன்.

பழைய லைட்டை முதலில் அளந்தேன். மணலில் 18, கல்லின் உச்சியில் 45. ஸோவா ஏன் கழுத்தை நீட்டியது என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. புது லைட்டை 25 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டி 15 சதவீதத்தில் ஆரம்பித்தேன், இன்றைக்கு 35இல் நிற்கிறது. மணலில் நடுவே 55, மூலையில் 30, கல்லின் நடுவில் 100, உச்சியில் 165. மஷ்ரூமை மூலைக்கு மாற்றினேன், ஹாமர் நடுவில், ஸோவா நடுவுக்குச் சற்று மேலே. இரண்டாம் வாரம் 25இல் இருந்து ஒரேயடியாக 32 ஆக்கியபோது ஹாமர் ஒருநாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டது, பயந்துபோய் 27க்கு இறக்கினேன், அடுத்த நாள் வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் அவசரப்படவில்லை. கேஎச் உண்மையிலேயே இறங்க ஆரம்பித்தது, 8.4இல் இருந்த தண்ணீர் ஒரு வாரத்தில் 7.6.

ஸோவாவில் பழைய நீண்ட கழுத்து அப்படியேதான் இருக்கிறது, ஆனால் புதிதாக வருகிற தலைகள் குட்டையாகக் கல்லோடு ஒட்டி வருகின்றன. ஹாமரின் நுனியில் பச்சை திரும்புகிறது, அடிப்பக்கம் இன்னும் பழுப்புதான்.

அக்ரோ இப்போதைக்கு இல்லை. மிச்சம் இருந்த 140 வெள்ளி சில்லருக்கான உண்டியலில். கரோக்கே கடை பிரச்சினைக்கு, இரவு 8 மணிவரை வெள்ளை சேர்த்து எரியும்படி வைத்தேன், 8க்கு மேல்தான் நீலம். போன வாரம் எதிர்வீட்டு ஆண்ட்டியே எட்டரை மணிக்கு வந்து, அந்த ஊதா போட்டாச்சா, பேரனுக்குக் காட்டவேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

காசுக்கணக்கு

260க்கு நல்ல விலை. அவரிடம் இன்னொன்று விற்க இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.